துரும்பை வாங்கின கை

துரும்பை நான்தான் வாங்கினேன். வலது கையால் வாங்கினேன். இடது கையில் பிள்ளை இருந்தது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் வாங்கின கையைப் பற்றியே பேசினார்கள். கொடுத்த கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம். அங்கே புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து இருக்க முடியாது என்று ஆனால் தோட்டத் தலைவரிடம் போவார்கள். தலைவர் நாலு பேரைக் கூட்டி வைத்து இரண்டு பக்கமும் கேட்பார். ஒத்துவராது என்று தெரிந்தால் புருஷன் ஒரு துரும்பைக் கிள்ளிப் பெண்சாதி கையில் கொடுப்பான். அவள் வாங்கிவிட்டால் தீர்ந்தது. அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். இரண்டு பேரும் வேறு கலியாணம் செய்துகொள்ளலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

அது இந்து ஆட்களுக்கு. நான் வேதக்காரி, கத்தோலிக்கக் கோயில். எங்களுக்குத் துரும்பு கிடையாது. மெய்விவாகம் என்றால் சாகும்வரை. சின்ன வயதில் செபங்களும் வேத பாடமும் உள்ள மந்திரப் புத்தகத்தில் அதைப் பாடமாக்கினேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நிறுத்திக் கொழுந்து எடுக்க அனுப்பிவிட்டார்கள். நான் முழுசாக வாசித்த புத்தகம் அந்த மந்திரப் புத்தகம் ஒன்றுதான். அதனால் அதில் இருப்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என்னைக் கட்டினவர் பிறப்பில் இந்து. நோர்வூட் பக்கத்தில் இருந்து எங்கள் தோட்டத்துக்குக் கவ்வாத்து வெட்ட வந்தவர். வயதான தேயிலைச் செடியைக் கத்தியால் கட்டையாக வெட்டி விடுகிற வேலை. நல்ல வேலைக்காரர். என் அப்பாவிடம் வந்து பெண் கேட்டார். வேதத்தில் சேர்ந்தால் தருகிறேன் என்று அப்பா சொன்னார். அதற்கென்ன, சேர்கிறேன் என்றார். உபதேசியார் அவருக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தார்.

உபதேசியார் டவுனில் கோயிலடியில் இருந்தவர். சாமியார் ஒருவர்தான். தோட்டங்கள் பல. அப்போது இருந்த சாமியார் வெள்ளைக்காரர். புத்தகத்தில் இருக்கிற மாதிரித் தமிழ் பேசுவார். நாங்கள் பேசினால் பாதி விளங்காது. ஆகையால் எங்களுக்கும் சாமியாருக்கும் நடுவில் உபதேசியார். குடையும் பையுமாகத் தோட்டம் தோட்டமாக நடப்பார். யாருக்கு ஞானஸ்நானம், யாருக்குக் கலியாணம், யார் பூசைக்கு வரவில்லை, எல்லாம் அவர் வாயால்தான் சாமியாருக்குப் போகும். கெட்ட மனுஷர் இல்லை. என் அப்பா செத்தபோது அடைமழையில் நடந்து வந்து அடக்கத்துக்குச் செபம் சொன்னார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

என்னைக் கட்டப்போகிறவர் மந்திரம் எல்லாம் சீக்கிரம் பாடமாக்கிவிட்டார். "ஒங்க மருமகன் ரயிலு மாதிரி சொல்றாருங்க. ஒரு ஸ்டேசன்லயும் நிக்கிறதில்ல" என்று உபதேசியார் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். மூன்று ஞாயிறு கோயிலில் கலியாண ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. பூசையில் கலியாணம் நடந்தது. சாமியார் கேட்டதற்குச் சம்மதம் என்று இரண்டு பேரும் சொன்னோம். நான் எதற்குச் சம்மதம் சொல்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

முதலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் அவர் அடுப்பு மூட்டுவார். நான் ரொட்டி சுடுவேன். சாயத்தண்ணி குடித்துவிட்டு இரண்டு பேரும் பெரட்டுக்குப் போவோம். பெரட்டில் கங்காணி வேலை பிரித்துக் கொடுப்பார். அவர் கவ்வாத்து மலைக்குப் போவார், நான் கொழுந்து மலைக்குப் போவேன். மகள் பிறந்தாள். வேலைக்குப் போகும்போது பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவேன். எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது.

மகளுக்கு ஒரு வயது ஆகும் முன் அவர் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அடுத்த டிவிசனில் கொழுந்து எடுத்தவள். ஒரு துணி மூட்டையோடு இஸ்தோப்புத் திண்ணையில் நின்றாள்.

"இது யாருங்க?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்."

"எங்க இருக்கட்டும்?"

"இங்கதான். நமக்கு என்னா பங்களாவா இருக்கு?"

லயத்துக் காம்பரா எப்படி இருக்கும் என்று தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும். ஒரு அறை. ஒரு கதவு. முன்னால் இஸ்தோப்பு, அதன் மூலையில் அடுப்பு. அந்த ஒரு அறைக்கு நடுவில் அவர் கயிறு கட்டி உரச் சாக்கைப் பிரித்துத் தொங்கவிட்டார். சாக்குக்கு அந்தப் பக்கம் அவரும் அவளும். இந்தப் பக்கம் நானும் பிள்ளையும். சாக்கு தரைவரை எட்டவில்லை.

அவளைப் பற்றிக் கெட்டதாக எழுதமாட்டேன். அவள் என் முகத்தை ஒருநாளும் நேராகப் பார்க்கவில்லை. நான் சட்டியை இறக்கிய பிறகுதான் அவள் தன் சட்டியை ஏற்றுவாள். அவர்தான் இரண்டு சட்டியிலும் சாப்பிட்டார்.

உபதேசியாரிடம் போனேன். முதலில் அவரிடம்தான் போனேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நேராகத் தலைவரிடம் ஓடினாள் என்று பின்னால் பேசினார்கள். அது பொய்.

"பொறுமையா இரு மகளே. செபமாலை சொல்லு. மனந்திரும்புவாரு" என்றார் உபதேசியார்.

"அதுவரைக்கும் அவ அங்கயே இருப்பாளுங்களா?"

"நீ அவளப் பாக்காத. மாதாவப் பாரு."

ஒரு மழைக்காலம் முழுக்க செபமாலை சொன்னேன். சாக்குக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொன்னேன். அவர் அந்தப் பக்கம் இருந்து, "அருள் நிறைஞ்சதெல்லாம் மெதுவாச் சொல்லு, மனுசன் தூங்க வேணாமா" என்றார். உபதேசியார் இரண்டு தரம் வந்தார். இரண்டு தரமும் என்னைக் கட்டினவர் உபதேசியாருக்கு நல்ல மரியாதையாகச் சாயத்தண்ணி கொடுத்து அனுப்பினார். அவள் அப்போது பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். உபதேசியார் சாக்கைப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகுதான் தலைவரிடம் போனேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும் என்றேன். அவர்கள் இரண்டு பேரும் என் காம்பராவில் இருந்து போக வேண்டும்.

தலைவர் தலையைச் சொறிந்தார். "ஆபீஸ்ல பேசி அவனுக்கு வேற காம்பரா வாங்கலாம்மா. ஆனா புருசன் பொஞ்சாதின்னா ஒரு காம்பராதான்னு தொரை சொல்லிப்புடுவாரு. தீத்து விட்டாச்சுன்னாத்தான் நான் வாயத் தொறக்க முடியும்."

"எங்களுக்குத் தீக்கிற வழக்கம் இல்லீங்களே அண்ணே."

"ஒங்க கோயில்ல இல்ல. லயத்துல இருக்கு. காம்பரா லயத்துலதான இருக்கு?"

சரி, கூட்டம் வையுங்கள் என்றேன்.

கூட்டம் எங்கள் இஸ்தோப்பு முன்னாலேயே நடந்தது. அவரைக் கேட்டார்கள். "எனக்கு ரெண்டு பேரும் வேணும்னுதான் நெனச்சேன். இவ ஒத்துக்கலைன்னா நான் என்னா பண்றது" என்றார். சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "வேணும்னு நெனைக்க இதென்னா சந்தையா? தீத்து விடு" என்றார். என்னைக் கட்டினவர் கீழே கிடந்த மானாப்புல்லில் ஒன்றை எடுத்துக் கிள்ளி நீட்டினார். எடுத்து நீட்டியது அவர். அவரும் ஞானஸ்நானம் வாங்கினவர்தான்.

நான் வாங்கினேன்.

கட்டு அவிழ்ந்தது என்று நினைத்து வாங்கவில்லை. எங்கள் கட்டு புல்லால் கட்டியதில்லை, புல்லால் அவிழாது. காம்பராவுக்காக வாங்கினேன். அன்றைக்குச் சாயங்காலமே அவர்கள் கீழ் லயத்துக்குப் போனார்கள். சாக்கை அவிழ்த்துப் பீலியில் துவைத்துக் காயப் போட்டேன். கொழுந்துக்குப் போகும்போது சேலைக்கு மேல் இடுப்பில் கட்டிக்கொள்ள அது வெகுநாள் உதவியது.

மாதம் ஒரு தரம் சாமியார் தோட்டத்துக்கு வந்து பிள்ளைக்காம்பராவில் பூசை வைப்பார். அந்த மாதம் பூசைக்கு முன், பாவத்தைச் சொல்லிப் பொறுத்தல் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் நின்றேன். நான் வாய் திறக்கும் முன்பே சாமியாருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"நீ துரும்பு வாங்கினாயா?"

"வாங்கினேன் சாமி."

"அது பெரும் பாவம். அதற்காக மனஸ்தாபப்படுகிறாயா?"

செய்ததற்கு மனம் வருந்துகிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். சாக்கு போன இடத்தைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கின பொம்பிளை நான். மனஸ்தாபப்படுகிறேன் என்று சொன்னால் அது சாமியாரிடமே சொல்கிற பொய். "இல்லீங்க சாமி" என்றேன்.

"கணவனை மறுபடி ஏற்றுக்கொள்ள மனம் உண்டா?"

"அவரு ரெண்டு பேரா வருவாருங்க. ரெண்டு பேரையும் ஏத்துக்கணுங்களா?"

சாமியாருக்கு அது விளங்கவில்லை. மறுபடியும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். மனஸ்தாபம் இல்லாமல் பொறுத்தல் இல்லை என்றார். அது சரிதான். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. எழுந்து போய்ப் பின்னால் உட்கார்ந்தேன்.

பூசை முடிந்த பிறகு உபதேசியார் என்னிடம் வந்து விளக்கமாகச் சொன்னார். துரும்பு வாங்கியது தப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். புருஷன் வந்தால் கதவைத் திறக்க வேண்டும். இது இரண்டும் செய்தால் பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற நன்மையை, நற்கருணையை, வாங்கலாம். செய்யாவிட்டால் வாங்க முடியாது.

"மொதலாவதச் சொல்லிடறேங்க. ரெண்டாவது முடியாது."

"ரெண்டும் ஒன்னுதான் மகளே."

ரெண்டும் ஒன்று இல்லை. அதைத்தான் அந்த வருஷம் முழுக்க, அதற்கு அடுத்த வருஷங்கள் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். நான் அவர் பெண்சாதிதான். சாகும்வரை பெண்சாதிதான். அதை நான் மறுக்கவில்லை. பெண்சாதியாக இருப்பது வேறு, அவரோடு ஒரே காம்பராவில் இருப்பது வேறு. இது அவ்வளவு கஷ்டமான விஷயமா? மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு விளங்கியது வேறு யாருக்கும் ஏன் விளங்கவில்லை? கோபம் வரும். கோபத்தைக் கொழுந்தில் காட்டுவேன். அந்த நாட்களில் என் கூடைதான் முதலில் நிறையும்.

பூசைக்கு ஒரு மாதமும் தவறவில்லை. எல்லாரும் நன்மை வாங்க முன்னால் போவார்கள். நான் முழங்காலில் அங்கேயே நிற்பேன். காலை மிதித்துக்கொண்டு ஆட்கள் தாண்டிப் போவார்கள். வாங்கிவிட்டுக் கை கூப்பிக்கொண்டு திரும்பி வருவார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்கத் தலையைக் குனிந்துகொள்வேன். அந்த நேரம் ரொம்ப நீளம்.

என்னைக் கட்டினவர் திருநாளுக்குத் திருநாள் வருவார். வெள்ளைச் சட்டை போட்டு முன்னால் உட்காருவார். அவருக்கும் நன்மை கிடையாது. ஆனால் அவருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பூசை முடிந்து வெளியே வந்து, "என்னா புள்ள, ஒன்னையும் தள்ளி வச்சிட்டாங்களாமே" என்று சிரிப்பார். மகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட உபதேசியார் மேல் அதிகம் வந்தது. இவர் இப்படித்தான். அவர் படித்தவர், தெரிந்தவர். அவருக்கு ஏன் தெரியவில்லை?

பக்கத்துக் காம்பரா அக்கா மாரியம்மனுக்குக் கரகம் எடுக்கிறவள். பீலியில் குடம் நிறையும்வரை என்னைச் சீண்டுவாள்.

"ஏன்டி, ஒங்க சாமிக்குக் கோவம் இன்னும் எறங்கலையா?"

"சாமிக்குக் கோவம் இல்லக்கா. உபதேசியாருக்குத்தான்."

"எங்க கோயிலுக்கு வந்துரு. எங்காத்தா துரும்பு வாங்கினியா, தூண வாங்கினியான்னு கேக்க மாட்டா. கூழ் ஊத்துனாப் போதும்."

அவள்தான் ஒருநாள் வேறு பேச்சையும் எடுத்தாள். மேல் லயத்தில் பெண்சாதி செத்துப்போன ஒருவர் இருந்தார். ஃபாக்டரியில் வேலை. அமைதியான ஆள். அவர் கேட்டுவிடச் சொன்னாராம்.

"ஒனக்கு வயசு ஆயிரலடி. தீத்து விட்டவதான நீ. யாரு கேக்கப் போறா?"

"எனக்குப் புருசன் இருக்காருக்கா."

"எங்க இருக்காரு?"

"கீழ் லயத்துல."

அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஒன்னய எந்தக் கணக்குலடி சேக்குறது" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. லயத்துக் கணக்கில் நான் தீர்த்துவிட்டவள், கோயில் பேச்சையே பேசிக்கொண்டிருந்தேன். கோயில் கணக்கில் நான் கட்டினவள், துரும்பு வாங்கின பாவி. இரண்டு இடத்திலும் என்னை வெளியில்தான் நிறுத்தியிருந்தார்கள்.

மகள் வளர்ந்தாள். முதல் தடவை வாங்குகிற புது நன்மைக்குப் படிக்கிற வயது வந்தது. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய்ப் பெரிய கோயிலில் மந்திரம் படித்தாள். ஒருநாள் வந்து கேட்டாள்.

"அம்மா, புது நன்மை அன்னைக்கு அம்மா அப்பாவும் கூட வாங்கணுமாம். நீங்க ஏம்மா வாங்க மாட்டேங்கிறீங்க?"

"அப்புறம் சொல்றேன்."

"உபதேசியாரு சொன்னாரு, நீங்க மனசு வச்சா வாங்கலாமாம்."

பிள்ளையிடமும் சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி ரொட்டி கருகிப் போனது.

வெள்ளைக்காரச் சாமியார் அந்த வருஷம் ஊருக்குப் போய்விட்டார். புதுச் சாமியார் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வயது குறைவு. அவரிடம் போய்ச் சொல்லிப் பார்க்கலாமா என்று உபதேசியாரைக் கேட்டேன். "சாமியாரு மாறினா சட்டம் மாறாது மகளே. ஒன் விசயம் எல்லாம் நானே சொல்லி வச்சிருக்கேன்" என்றார். அப்படியா என்று விட்டுவிட்டேன்.

புது நன்மைக்கு ஒரு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். உபதேசியார் குடையோடு வந்தார். பின்னால் என்னைக் கட்டினவர். தலையில் தகரப் பெட்டி.

அவள் தன் அண்ணனோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டாள். அது எனக்கு முன்பே தெரியும். அவள் போனதும் ஆபீசில் அந்தக் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்து, இவரைத் தனி ஆட்களோடு ஒரு காம்பராவில் போட்டுவிட்டார்கள். அதுவும் தெரியும். ஆனால் இவர் பெட்டியோடு வருவார் என்று தெரியாது.

உபதேசியார் முகம் எல்லாம் சிரிப்பு. "பாத்தியா மகளே, மாதா ஒன் செபத்தக் கேட்டுட்டா."

"நான் இதுக்குச் செபிக்கலீங்களே."

"என்னா பேச்சு இது? மனந்திரும்பி வந்திருக்காரு. பெட்டிய எறக்கச் சொல்லு."

"எறக்க வேணாம்."

பக்கத்துக் காம்பராக் கதவுகள் எல்லாம் திறந்தன. அக்கா முறத்தோடு இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தாள். முறத்தில் ஒன்றும் இல்லை.

அவர் பெட்டியைத் தலையில் வைத்தபடியே சொன்னார், "புள்ள, நடந்தது நடந்துபோச்சு. நான் ஒன் புருசன்."

"ஆமா."

"அப்ப வழிய விடு."

"மாட்டேன்."

யாரோ போய்ச் சொல்லித் தலைவரும் வந்துவிட்டார். வந்ததும் அவரைப் பார்த்து, "என்னாடா இது? துரும்பு குடுத்துத் தீத்து விட்டாச்சு. காம்பரா அதுக்குன்னு பேசியாச்சு. இப்ப என்னா பெட்டி?" என்றார்.

என்னைக் கட்டினவர் நிமிர்ந்தார். "நான் வேதக்காரன் தலைவரே. துரும்பெல்லாம் எனக்குச் செல்லாது."

உபதேசியார் தலையை ஆட்டினார். "சரியாச் சொன்னாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "குடுத்தப்ப என்னா வேதம் நீங்க?" என்று கேட்டேன்.

அக்கா சிரித்துவிட்டாள். லயமே சிரித்தது. அவர் பெட்டியை இறக்கிக் கீழே வைத்தார், கை வலித்திருக்கும். என் கதவுக்கு வெளியேதான் வைத்தார்.

உபதேசியார் குடையைத் தரையில் குத்தினார். "மகளே, நல்லா யோசிச்சுக்க. புருசன இப்பிடித் தெருவுல நிறுத்திட்டு நீ புது நன்மை அன்னைக்குப் புள்ள பக்கத்துல முட்டிபோட முடியாது. நான் விடமாட்டேன்."

மகள் கதவு ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போனார். உபதேசியாரும் போனார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மகளைக் கூட்டிக்கொண்டு நானே டவுனுக்கு நடந்தேன். அவளை மந்திரப் படிப்பில் விட்டுவிட்டு, பாவசங்கீர்த்தனம் கேட்கிற இடத்துக்குப் போய் முழங்காலில் நின்றேன். உபதேசியார் கோயில் வாசலில் நின்றார். பார்த்தார். உள்ளே வந்து தடுக்க முடியாது.

எந்தத் தோட்டம் என்று சாமியார் கேட்டார். சொன்னேன். "துரும்பு வாங்கின ஆள் நீங்களோ?" என்றார்.

"நான்தாங்க."

"ஏன் வாங்கினனீங்கள்?"

முதல் தரமாக ஒருவர் ஏன் என்று கேட்டார். காம்பராவைச் சொன்னேன். சாக்கைச் சொன்னேன். உபதேசியாரிடம் முதலில் போனதைச் சொன்னேன். தலைவர் சொன்னதைச் சொன்னேன். நேற்றுப் பெட்டி வந்ததையும் சொன்னேன்.

சாமியார் கேட்டார், "ஒரே அறையிலையோ வைச்சிருந்தவர்?"

"ஒரே காம்பராவுலங்க."

"இது எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. துரும்பு எண்டு மட்டும் சொன்னவை."

நான் நடுவில் இருந்த கம்பித் தடுப்புக்குக் கிட்ட நகர்ந்தேன்.

"துரும்பு கட்டை அவிழ்க்காது. அது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியுங்க. அவருதான் என் புருசன். வேற கலியாணம் நான் கேக்கல. உள்ள விட முடியாதுன்னுதான் சொல்றேன்."

"விடத் தேவையில்லை" என்றார் சாமியார். "இப்பிடியான ஒருவரை விட்டு விலகி இருக்கத் திருச்சபை இடம் குடுக்குது. மன்னிக்க வேணும். அதுக்காக அவரை வீட்டுக்குள்ளை எடுக்க வேணும் எண்டு இல்லை."

முழங்கால் வலித்தது. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவ்வளவுதானா என்று இருந்தது. இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தைக்காக ஒவ்வொரு மாதமும் தலையைக் குனிந்துகொண்டு ஆட்கள் காலுக்குள் நின்றிருக்கிறேன்.

"அப்ப இத்தனை வருசம் சாமி?"

"அது பிழைதான்" என்றார். மெதுவாகச் சொன்னார். வெளியே நிற்கிறவருக்குக் கேட்டிருக்காது. கேட்டிருக்க வேண்டும்.

"வேறை ஏதும் பாவம் இருக்கோ?"

"கோவம் இருக்குங்க."

"புருசனிலையோ?"

"அவரு மேல கொஞ்சம். உபதேசியாரு மேல நெறைய."

"அந்தக் கோவத்துக்கு மனஸ்தாபப்படுறீங்களோ?"

மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றேன். பொய் சொல்லாமல் இருந்ததால்தான் இத்தனை வருஷம் போனது. இப்போது சொன்னால் எல்லாம் வீண். "இல்லீங்க சாமி" என்றேன். சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். போச்சு என்று நினைத்தேன்.

சாமியார் பெருமூச்சு விட்டது கேட்டது.

"மனஸ்தாபம் வர வேணும் எண்டு ஆசையாவது இருக்கோ?"

அதைத் தேடிப் பார்த்தேன். "அது இருக்குங்க."

"அது காணும்" என்றார். அது போதுமாம். கையைத் தூக்கிப் பொறுத்தல் கொடுத்தார்.

புது நன்மை அன்றைக்கு மகளுக்கு வெள்ளைப் பாவாடை. அக்காதான் தலை பின்னிவிட்டாள். "ஒங்க சாமி எறங்கி வந்துட்டாராமே" என்றாள். டவுன் கோயிலில் பிள்ளைகள் முன்வரிசை. நேரம் வந்ததும் தாய் தகப்பன்மார் எழுந்து பிள்ளைகள் பக்கத்தில் போனார்கள். நானும் எழுந்தேன். என்னைக் கட்டினவர் ஆம்பிளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் எழவில்லை. புதுச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னதற்கு அடுத்த திருநாளுக்குப் பார்க்கலாம் என்றாராம்.

மகள் பக்கத்தில் முழங்கால் போட்டேன். நன்மை கீழே விழாமல் இருக்க ஒவ்வொருவர் தாடைக்குக் கீழும் ஒரு தட்டைப் பிடிப்பார்கள். அன்றைக்கு அதைப் பிடித்தவர் உபதேசியார். வரிசையாக வந்தார். மகளுக்குப் பிடித்தார். என்னிடம் வந்தபோது தட்டு ஒரு நொடி நின்றது. சாமியார் நின்று பார்த்தார். தட்டு என் தாடைக்குக் கீழே வந்தது. ஜில்லென்று இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

நல்ல நினைப்பாக நினைக்க வேண்டிய நேரம் அது. உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தட்டைப் பிடித்திருக்கிற கை நடுங்குகிறதா என்றுதான் நினைத்தேன்.

பூசைக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் பணிசு ரொட்டியும் கோப்பியும் கொடுத்தார்கள். மகள் ஓடிப்போய்த் தகப்பனிடம் பூமுடியைக் காட்டினாள். போக விட்டேன். அப்பா அப்பாதானே. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சாமியாரு ஒனக்குச் சரின்னுட்டாராமே. அப்ப நான் வரலாமா?"

"எனக்குச் சரின்னுதான் சொன்னாரு."

"நான் ஒன் புருசன் புள்ள."

"ஆமாங்க. அத யாரு இல்லைன்னா? பணிசு சாப்பிடுங்க."

உபதேசியார் கோப்பி ஊற்றிக்கொண்டே என் பக்கம் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "நான் அன்னைக்கே சொன்னதுதான மகளே. துரும்பு செல்லாது, கட்டு அவுராது. சாமியாரும் அதத்தான் சொல்லியிருக்காரு."

கோப்பியை வாங்கிக்கொண்டேன். சொல்ல நிறைய இருந்தது. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். "சீனி காணாதுங்க" என்றேன்.

என்னைக் கட்டினவர் இன்றைக்கும் தனி ஆட்கள் காம்பராவில்தான் இருக்கிறார். காய்ச்சல் என்றால் மகள் கையில் கஞ்சி கொடுத்து விடுவேன். ராத்திரிச் செபத்தில் அவர் பேரைச் சொல்வேன். கதவைத் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன்.

புது நன்மைக்கு அடுத்த மாதப் பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் கோபத்தை மறுபடியும் சொன்னேன். அதற்கு அடுத்த மாதமும் சொன்னேன்.

"இன்னுமோ?" என்று கேட்டார் சாமியார்.

"இன்னுந்தாங்க" என்றேன்.